சிவப்பு அடையாளக் கார்டைப் பற்றி வீட்டில் பேசுவோம்

நம் நாட்டில் பிள்ளைக்கு 12 வயது ஆனதும் சொந்தமாக அடையாளக் கார்டு எடுக்க வேண்டும். கரங்கான் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் கூலிம் பட்டணத்துக்குப் போய், பெருவிரலைப் பதித்து, படம் பிடித்துக்கொண்டு வருவார்கள். அன்றைக்கு அவர்களுக்குத் தீபாவளிதான். ஆனால் சில வீடுகளில் அந்த வயது வரும்போது வேறொன்று நடக்கிறது.

"கூடப் படிக்கிறவங்க எல்லாம் ஐ.சி. எடுத்துட்டாங்கம்மா. நான் எப்போ போறது?"

"அப்பா வரட்டும்பா."

அப்பா வேலை முடிந்து வருகிறார். "அடுத்த மாசம் பார்ப்போம்" என்கிறார். அடுத்த மாதமும் அதே பதில். பாட்டி ஒரு மூலையில் உட்கார்ந்து வெற்றிலை இடிக்கிறார். அவருக்கும் விஷயம் தெரியும். அவரும் வாய் திறப்பதில்லை.

இந்த "அடுத்த மாச"த்தைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச நினைக்கிறேன். பிரஜாவுரிமை என்றதும் அது வக்கீல்கள் சமாசாரம், அரசியல்வாதிகள் சமாசாரம் என்று ஒதுக்கிவிடுகிறோம். உண்மையில் அது முதலில் வீட்டுக்குள் பேச வேண்டியது. அடுத்து அக்கம்பக்கத்தாரோடு பேச வேண்டியது. அதற்குப் பிறகுதான் பதிவிலாகாவில் பேச வேண்டியது. நாமோ முதல் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவது இடத்தில் போய்த் தடுமாறுகிறோம்.

பாட்டி ஏன் பேசுவதில்லை என்று முதலில் பார்ப்போம். அவருடைய தகரப்பெட்டியில் இருப்பது சிவப்பு அடையாளக் கார்டு. நீலக் கார்டு பிரஜைக்கு உரியது. சிவப்புக் கார்டு நிரந்தரவாசிக்கு உரியது. அதாவது இங்கே தங்கி வாழலாம், ஆனால் பிரஜை இல்லை. பச்சைக் கார்டு தற்காலிகவாசிக்கு. இந்தத் தோட்டத்திலேயே பிறந்து, இங்கேயே பால்வாளி தூக்கி, இங்கேயே பேரப்பிள்ளையும் எடுத்தவருக்குச் சிவப்புக் கார்டு எப்படி வந்தது?

அந்தக் கதை அவருடைய தகப்பனார் காலத்தில் தொடங்குகிறது. 1946-இல் ஆங்கிலேயர் மலாயன் யூனியன் என்ற அமைப்பைக் கொண்டுவந்தார்கள். அதில் குடியுரிமை தாராளமாக இருந்தது. மலாய்க்காரர்கள் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். அதனால் 1948 பிப்ரவரி 1-ஆம் தேதி மலாயாக் கூட்டரசு அமைந்தபோது நிபந்தனைகள் இறுகின. 1952-இல் அவை கொஞ்சம் தளர்ந்தன. பிறகு 1957 ஆகஸ்டு 31-இல் சுதந்திரம். அன்று முதல் இம்மண்ணில் பிறந்த குழந்தை பிறப்பினாலேயே பிரஜை என்று அரசியல் சட்டம் சொன்னது. (1962-இல் அதுவும் திருத்தப்பட்டு, பெற்றோரில் ஒருவராவது பிரஜையாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்றாயிற்று.) சுதந்திரத்துக்கு முன்பே பிறந்து, அதுவரை பிரஜையாகாமல் இருந்தவர்கள் மனுச்செய்து பதிந்துகொள்ள வேண்டும். முதல் ஓராண்டுக்குள் வந்தவர்களுக்கு மலாய்மொழித் தேர்வில் சலுகையும் கொடுத்தார்கள்.

அந்த ஓராண்டு நம் தோட்டங்களில் எப்படிப் போயிற்று? மனுப்போட்டவர்கள் பலர். போடாதவர்களும் பலர். பட்டணத்துக்குப் போனால் ஒருநாள் சம்பளம் போய்விடும். பாரத்தைப் படிக்கத் தெரியாது. கிராணியிடம் கேட்கக் கூச்சம். "நாலு காசு சேர்த்துக்கிட்டு ஊருக்குப் போயிடுவோம்" என்ற நினைப்பு பலர் நெஞ்சில் இருந்தது. அதோடு, கார்டு சிவப்பாக இருந்தாலும் நீலமாக இருந்தாலும் காலையில் பெரட்டுக்கு நிற்க வேண்டியது ஒரே வரிசையில்தானே! வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரியாத ஒன்றுக்காக யார் ஒருநாள் சம்பளத்தை விடுவார்கள்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வித்தியாசம் தெரிந்தது 1969-இல். பிரஜையல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிப் பத்திரம் வேண்டும் என்று 1968-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டிருந்தது. மே 13 கலவரத்துக்குப் பிறகு அது மும்முரமாக அமுலுக்கு வந்தது. நேற்றுவரை வெட்டிய மரத்தை இன்று வெட்டக்கூடாது என்றால் எப்படியிருக்கும்! ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் கப்பலேறித் தமிழகம் போய்ச் சேர்ந்தார்கள் என்பது பலரும் எடுத்துச் சொல்லும் கணக்கு. அவர்களில் எத்தனையோ பேர் நாகப்பட்டினத்தை அதற்குமுன் கண்ணால் பார்த்ததில்லை. ஒரு குடும்பத்தில் அண்ணன் போனார், தம்பி இருந்தார். இருந்தவர்களிடம் ஒரு பயம் தங்கிவிட்டது: கார்டைப் பற்றி வாயைத் திறந்தால் ஏற்றி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். பாட்டியின் மௌனம் அப்போது பிடித்தது.

இலங்கையில் நம்மைப் போன்ற தோட்டத்து மக்களுக்கு நேர்ந்ததை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று, அம்மக்களைக் கேளாமலே பங்குபோட்டார்கள். மீதியிருந்தோரின் பிரச்சினை 2003-ஆம் ஆண்டுச் சட்டம்வரை இழுத்தது. கொடுமைதான். ஆனால் அங்கே லயத்தில் இருந்த பெரும்பாலோருக்கு ஒரே கதி. ஆகவே எல்லாரும் சேர்ந்து பேசினார்கள், சங்கம் வைத்துப் போராடினார்கள். இங்கே வரிசையில் பத்து வீட்டில் ஒன்றுக்குத்தான் இந்தக் குறை. அந்த ஒரு வீடு அதைத் தன் சொந்த அவமானமாக நினைத்து மூடி வைக்கிறது.

மூடி வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது கல்யாணம். முஸ்லிம் அல்லாதாரின் திருமணங்களை அரசாங்கத்தில் பதிய வேண்டும் என்ற சட்டம் 1976-இல் இயற்றப்பட்டு, 1982 மார்ச் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு வழக்கப்படி முறையாக நடந்த திருமணங்களைச் சட்டம் அப்படியே ஏற்றுக்கொள்கிறது. அதற்குப் பின்பு கோவிலில் மட்டும் தாலி கட்டியிருந்தால் சட்டத்தின் கண்ணில் அது திருமணம் இல்லை. ஊரறிய மாலை மாற்றி, மாரியம்மன் சந்நிதியில் தாலி கட்டியவர்களிடம் இதைச் சொன்னால் கோபம் வரும். வரட்டும், உண்மையைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அதன் விளைவு பிள்ளையின் தலையில் விழுகிறது. பதிவில்லாத திருமணத்தில் பிறந்த குழந்தையின் குடியுரிமையைத் தாயை வைத்தே சட்டம் பார்க்கிறது. தகப்பன் நீலக் கார்டு வைத்திருந்தும், தாய் வெளிநாட்டவராகவோ எந்தப் பத்திரமும் இல்லாதவராகவோ இருந்தால் பிள்ளை தவிக்க நேரிடும். பிறந்த பிறகு திருமணத்தைப் பதிந்தாலும் பிறப்பின்போதிருந்த நிலை எளிதில் மாறாது. தனியே மனுச்செய்ய வேண்டியிருக்கும். இது தெரிய வந்ததும் தகப்பன் தாயைக் குற்றம் சொல்கிறார், மாமியார் மருமகளைச் சொல்கிறார். பிறகு ஒருவருக்கொருவர் பேசாமலே விட்டுவிடுகிறார்கள். இடையில் பிள்ளைக்கு வயது ஏறுகிறது. 21 வயதுக்கு உட்பட்டவர்களைச் சிறப்பு நிலையில் பிரஜையாகப் பதிய அரசியல் சட்டத்தின் 15A பிரிவு இடம் கொடுத்தது. 2024 அக்டோபர் 17-ஆம் தேதி மக்களவை நிறைவேற்றிய திருத்தம் அந்த வயதை 18 ஆகக் குறைக்கிறது. "அடுத்த மாசம்" என்று சொல்வதற்கு இருந்த மாதங்கள் அந்த அளவுக்குக் குறைகின்றன. அதே திருத்தத்தில் இன்னொன்றும் இருக்கிறது. இதுவரை சிவப்புக் கார்டுப் பெற்றோருக்கு இந்நாட்டில் பிறந்த குழந்தை பிரஜையாகிவிடும். திருத்தம் நடைமுறைக்கு வரும் நாளுக்குப் பின் பிறக்கும் குழந்தைக்குப் பெற்றோரின் நிரந்தரவாசத் தகுதி மட்டும் போதாது. வீட்டில் சிவப்புக் கார்டோடு ஒரு மகனோ மகளோ கல்யாணத்துக்கு நின்றால், இதைப் பேசாமல் பந்தக்கால் நடாதீர்கள்.

பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். "உனக்கு ஐ.சி. எடுக்கறதுல ஒரு சிக்கல் இருக்குப்பா. அது உன் தப்பு இல்ல. தாத்தா காலத்துல இப்படி ஆச்சு, நாங்களும் இன்னின்னது செய்யத் தவறிட்டோம், இப்ப இன்னது செய்யப்போறோம்" என்று சொன்னால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு விளங்கும். சொல்லாமல் விட்டால், தான் வேண்டாத பிள்ளை என்று அது நினைத்துக்கொள்ளும். படிப்பில் மனம் விட்டுப்போகும். பின்னால் வங்கிக் கணக்கு, மோட்டார் சைக்கிள் உரிமம், தன் கல்யாணப் பதிவு என்று ஒவ்வொன்றிலும் முட்டி நிற்கும்போது, "அப்பவே ஏன் சொல்லல?" என்று அது கேட்டால் நம்மிடம் பதில் இருக்காது.

இனி பக்கத்து வீடு. பிறப்பைக் காலத்தில் பதியாமல் விட்டவர்கள் தாமதப் பதிவுக்குப் போகும்போது, பிள்ளை எங்கே, யாருக்குப் பிறந்தது என்று அறிந்தவர்களின் சாட்சி பெரிய துணை. அந்தச் சாட்சி பல சமயம் நம்மவராக இருக்கமாட்டார். பிரசவம் பார்த்த மருத்துவச்சி கம்பத்து மலாய்க்கார அம்மாவாக இருக்கலாம். அன்று இரவு வேன் ஓட்டி மருத்துவமனையில் சேர்த்தவர் கடைக்காரச் சீனராக இருக்கலாம். அவர்களிடம் போய்க் கையெழுத்துக் கேட்க நமக்குத் தயக்கம். நம் வீட்டுக் குறையை வேற்று இனத்தாரிடம் சொல்வதா என்ற தயக்கம். "இத்தனை வருஷம் என்ன பண்ணீங்க?" என்று கேட்டுவிடுவார்களோ என்ற தயக்கமும் கூட.

கேட்கத்தான் செய்வார்கள். அதில் தப்பில்லை. அவர்கள் வீட்டில் கேட்டு வளர்ந்த கதை வேறு. 1947 குடிக்கணக்கில் மலாயாவில் மலாய்க்காரர்கள் பாதிக்கும் சற்றுக் குறைவாக இருந்தார்கள். சொந்த மண்ணில் சிறுபான்மையாகிவிடுவோமோ என்று அவர்களுடைய பாட்டனார் பயந்தது கற்பனை அல்ல. விண்ணப்பித்த எல்லாருக்கும் 1957-இல் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது என்றுதான் அவர்களில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சிவப்புக் கார்டோடு மூன்று தலைமுறை இங்கே இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. நாம் சொன்னதே இல்லையே!

அவர்களைப் பற்றி நமக்கும் முழுதாகத் தெரியாது. மலாய்க்காரர் என்றால் அரசாங்கம் எல்லாம் கொடுத்துவிடும் என்று லயத்து வாசலில் பேசிக்கொள்கிறோம். 1974 நவம்பரில் நம் கெடாவிலேயே பாலிங்கில் என்ன நடந்தது? ரப்பர் விலை விழுந்து, சாமான் விலை ஏறி, சிறுதோட்டக்காரர்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். பெரும்பாலோர் மலாய்க்காரர்கள். அவர்கள் வெட்டியதும் பால்மரம்தான், நாம் வெட்டியதும் பால்மரம்தான். விலை விழுந்தபோது இரண்டு அடுப்பும் சேர்ந்துதான் அணைந்தன. கையெழுத்துக் கேட்கப் போகிறவர் இந்த இடத்திலிருந்து பேச்சைத் தொடங்கினால் பேச்சு ஓடும். "மாக் சிக், நான் தோட்டத்து வீட்டுப் பொண்ணு. என் மகன் பிறந்த அன்னிக்கு நீங்கதான் இருந்தீங்க" என்று மலாயில் சொல்லிவிட்டு, நடந்ததை ஒளிக்காமல் சொல்லுங்கள். பாதியை மறைத்துச் சொல்லிச் சாட்சி வாங்கினால், நாளை அதிகாரி கேட்கும்போது அவர் விழிப்பார். கெட்ட பெயர் அவருக்கும் வரும்.

இதையெல்லாம் பேசலாமா, சட்டம் தடுக்கிறதே என்று சிலர் பயப்படுவது எனக்குத் தெரியும். 1971-இல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டு, குடியுரிமை, தேசிய மொழி, மலாய்க்காரர் தனிநிலை, மன்னர்கள் உரிமை ஆகியவற்றைக் கேள்விக்குள்ளாக்குவது குற்றமாக்கப்பட்டது உண்மை. ஆனால் அவற்றை நடைமுறைப்படுத்தும் விதத்தைப் பற்றிப் பேசுவதற்கு அதே 10-ஆவது பிரிவில் இடம் விட்டிருக்கிறார்கள். என் மனு எங்கே நிற்கிறது, என்ன பத்திரம் குறைகிறது, ஏன் நிராகரித்தீர்கள் என்று கேட்பது யாருடைய உரிமையையும் பறிப்பதாகாது.

கேட்டதால் பலன் கண்டவர்களும் உண்டு. 2011 பிப்ரவரியில் மைடஃப்தார் என்ற பெயரில் இந்தியர்களுக்கென்றே நாடு முழுதும் பதிவு இயக்கம் நடந்தது. 2018-இல், 60 வயதைக் கடந்த சிவப்புக் கார்டு இந்தியர்கள் 3,407 பேர் பிரஜாவுரிமை பெறத் தகுதியுள்ளவர்கள் என்று அரசாங்கம் அறிவித்தது. எத்தனையோ பாட்டிமார் பெட்டியைத் திறந்தது அப்போதுதான்.

நீங்களும் திறந்து பாருங்கள். பிறப்புப் பத்திரம் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். அதில் பிள்ளையின் குடியுரிமை நிலையைக் காட்டும் ஓரிடம் உண்டு. அங்கே "வார்கானெகாரா" என்று இருக்கிறதா, "புக்கான் வார்கானெகாரா" என்று இருக்கிறதா என்று, படிக்கத் தெரிந்த பிள்ளையை விட்டே படிக்கச் சொல்லுங்கள். தாய் தகப்பன் அடையாளக் கார்டு, திருமணப் பதிவு, மருத்துவமனைச் சீட்டு, தடுப்பூசி அட்டை, பள்ளிக்கூடக் கடிதம், தோட்டத்துச் சம்பளச் சீட்டு எதையும் வீசிவிட வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் எடுத்து வையுங்கள். மனுக்கொடுத்ததும் தரும் ரசீதின் எண்ணை ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதி, போன நாள், பேசிய அதிகாரி சொன்னது, அடுத்து வரச்சொன்ன நாள் மூன்றையும் அதன் கீழே குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளையையும் கூடவே அழைத்துப் போங்கள்.