அச்சு என்னும் சொல்

அச்சு வெல்லம் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். காய்ச்சிய பாகைக் கட்டையில் குடைந்த குழிகளில் ஊற்றி, ஆறியதும் தட்டி எடுத்தது அது. குழி எப்படியோ வெல்லமும் அப்படி. முறுக்குப் பிழிய அச்சு வேண்டும். தறியில் ஊடையை நெருக்கித் தள்ளும் சீப்பு போன்ற கருவிக்கும் அச்சு என்றுதான் பெயர். கல்வெட்டுகளிலோ அச்சு ஒரு காசு. பிள்ளை அப்பாவை உரித்து வைத்திருந்தால் ‘அச்சு அசல்’ என்கிறோம். அச்சகத்துக்கு வெளியே எத்தனை அச்சு! வார்த்தெடுப்பது, அழுத்திப் பதிப்பது, மூலம்போலவே இருப்பது ஆகிய பொருள்களெல்லாம் இந்தச் சிறு சொல்லில் அடங்கியிருக்கின்றன.

அதனால்தான் ஈய எழுத்துக்கு இந்தப் பெயர் இவ்வளவு பொருந்துகிறது. அந்த எழுத்தும் வெல்லத்தைப் போலவே வார்ப்பில் பிறக்கிறது. எஃகுக் கோலின் முனையில் எழுத்தைச் செதுக்கி, செம்புத் துண்டில் அறைந்தால் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் உருக்கிய ஈயத்தை ஊற்ற வேண்டும். ஈயம் மட்டும் போதாது, நசுங்கிவிடும். கடினம் சேர்க்க ஆண்டிமனியும் கொஞ்சம் வெள்ளீயமும் கலப்பார்கள். எழுத்து இடவலம் மாறி நிற்கும். அந்தத் தலைகீழ் வரிகளைத் தயங்காமல் படித்துக்கொண்டே கை ஓடக் கோத்த கம்பாசிடர்களின் திறமை எனக்கு இன்றும் வியப்புதான்.

1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ இப்படித்தான் 16 பக்கங்களில் தமிழில் அச்சானது. பிறகு தரங்கம்பாடிக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் கப்பலேறி வந்தன. அவை உருவத்தில் பெரியவை, காகிதத்தைத் தின்றன. எனவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள்.

தமிழில் 247 எழுத்து என்றாலும் அச்சுப் பெட்டியில் அத்தனை அறைகள் தேவையில்லை. ‘கா’வுக்குக் ககரமும் ஒரு காலும் போதும். ‘கு’, ‘கூ’ வரிசைகளுக்கோ தனித்தனி எழுத்து வார்க்க வேண்டும். முன்பு ணை, லை, ளை, னை ஆகியவையும் துதிக்கை போன்ற சுழியோடு தனி வடிவில் இருந்தன. றா, ணா, னா வரிசைகளுக்கும் தனி உருவங்கள். பெரியார் தம் ‘குடி அரசு’ இதழில் 1935இலேயே இவற்றைச் சீரமைத்து அச்சிட்டார். தமிழ்நாடு அரசு ஏற்றது 1978இல்.

இன்றைய லேசர் பிரிண்டரில் ஈயமும் இல்லை, குழியும் இல்லை. சுழலும் உருளையில் மின்னேற்றம் எழுத்தின் உருவை வரைகிறது. மைத்தூள் அதில் ஒட்டிக் காகிதத்துக்கு மாறி, சூட்டில் உருகிப் படிகிறது. பேச்சுத் தமிழ் இந்த வேறுபாட்டைக் கவனித்திருக்கிறது. கடையில் போய் ‘ரெண்டு காப்பி பிரிண்ட் எடுங்க’ என்கிறோம். கல்யாணம் என்றால் மட்டும் ‘பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சா?’ என்றுதான் கேட்கிறோம்.