இரண்டாவது மக்களவையில் சென்னை மாநில உறுப்பினர்கள் (1957–1962): திருவண்ணாமலைத் தொகுதியை முன்வைத்து

இந்தியாவின் இரண்டாவது மக்களவை 1957 ஏப்ரல் 5 அன்று அமைக்கப்பட்டு 1962 மார்ச் 31 அன்று கலைக்கப்பட்டது. இன்றைய தமிழ்நாடு அப்போது சென்னை மாநிலம் என்ற பெயரில் இருந்தது. அங்கிருந்து 41 உறுப்பினர்கள் இந்த அவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். திராவிட முன்னேற்றக் கழகம் (தி.மு.க.) முதன்முதலாக மக்களவைக்கு அனுப்பிய இருவரும் இவர்களுள் அடங்குவர். ஒருவர் நாமக்கல் தொகுதியில் வென்ற ஈ. வெ. கி. சம்பத், மற்றவர் திருவண்ணாமலைத் தொகுதியில் வென்ற இரா. தர்மலிங்கம். 494 பேர் கொண்ட அவையில் இருவர் மட்டுமே கொண்ட ஓர் அணியால் என்ன செய்ய முடிந்தது, என்ன செய்ய முடியவில்லை என்பதை ஆட்சிமொழிச் சிக்கலின் வழியே இக்கட்டுரை விளக்குகிறது.

தேர்தல் பின்னணி

1952 பொதுத் தேர்தலின்போது சென்னை மாநிலம் ஆந்திர, மலபார், தென் கன்னடப் பகுதிகளையும் உள்ளடக்கியிருந்தது. மக்களவையில் அதற்கு 75 இடங்கள் இருந்தன. 1953இல் ஆந்திரம் பிரிந்தது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது மலபாரும் தென் கன்னடமும் விலகின. கன்னியாகுமரி மாவட்டமும் செங்கோட்டைப் பகுதியும் சேர்ந்தன. இவ்வாறு மாறிய எல்லைகளுடன் சென்னை மாநிலம் சந்தித்த முதல் பொதுத் தேர்தல் 1957இல் நடந்தது.

திருவண்ணாமலை அப்போது வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. 1952இல் இவ்வட்டாரத்தில் மா. அ. மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி செல்வாக்குடன் இருந்தது. அக்கட்சி அத்தேர்தலில் காஞ்சிபுரம், வேலூர், வந்தவாசி ஆகிய மூன்று மக்களவை இடங்களைப் பெற்றது. 1949 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட தி.மு.க. 1952இல் நேரடியாகப் போட்டியிடவில்லை. தன் கொள்கைகளுக்கு ஆதரவு தருவதாக உறுதியளித்த பிற கட்சி வேட்பாளர்களையே அது ஆதரித்தது. ஆனால் தேர்தல் முடிந்ததும் மாணிக்கவேலு நாயக்கர் இராசாசியின் காங்கிரசு அமைச்சரவையில் சேர்ந்தார். அடுத்த தேர்தலில் தி.மு.க. தானே களமிறங்கியதன் பின்னணியில் இந்த அனுபவமும் உண்டு. 1956 மே மாதம் திருச்சிராப்பள்ளியில் நடந்த மாநில மாநாட்டில் தேர்தலில் போட்டியிடும் முடிவு எடுக்கப்பட்டது.

வாக்களிப்பு முறை

1957இல் வாக்காளர்கள் இன்றைப் போல ஒரே வாக்குச்சீட்டில் முத்திரை குத்தவில்லை, பொத்தானையும் அழுத்தவில்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனி வாக்குப் பெட்டி இருக்கும். அதன்மேல் வேட்பாளரின் சின்னம் ஒட்டப்பட்டிருக்கும். தாம் விரும்பும் பெட்டிக்குள் வாக்காளர் சீட்டைப் போட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் மிகுதியாக இருந்த காலத்துக்கு ஏற்ற ஏற்பாடு இது. வேட்பாளர் பெயர்களும் சின்னங்களும் அச்சிட்ட சீட்டில் முத்திரையிடும் முறை 1962 பொதுத் தேர்தலில் பரவலாக வந்தது.

சில தொகுதிகளில் இருவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். இவை இரட்டை உறுப்பினர் தொகுதிகள் எனப்பட்டன. ஓர் இடம் பொது. மற்றோர் இடம் பட்டியல் சாதியினருக்கோ பழங்குடியினருக்கோ ஒதுக்கப்பட்டது. நாடு முழுவதும் 312 தொகுதிகள் ஒருவரையும் 91 தொகுதிகள் இருவரையும் தேர்ந்தெடுத்தன. 403 தொகுதிகளுக்கு 494 உறுப்பினர்கள் என்ற கணக்கு இப்படி வந்ததுதான். இந்த முறை 1961இல் சட்டத்தின் மூலம் நீக்கப்பட்டது. அதன் பிறகு ஒதுக்கீட்டுத் தொகுதிகள் தனித் தொகுதிகளாயின.

முடிவுகள்

அகில இந்திய அளவில் காங்கிரசு 371 இடங்களைப் பெற்றது. அடுத்து வந்த இந்தியக் கம்யூனிசுட்டுக் கட்சிக்கு 27 இடங்கள் கிடைத்தன. அவையில் பத்தில் ஒரு பங்கு இடங்கள் எந்த எதிர்க்கட்சிக்கும் இல்லாததால், ஏற்கப்பட்ட எதிர்க்கட்சி என்ற நிலையை எவரும் அடையவில்லை.

சென்னை மாநிலத்தின் 41 இடங்களில் 31ஐக் காங்கிரசும் 2ஐக் கம்யூனிசுட்டுக் கட்சியும் வென்றன. எஞ்சிய 8 இடங்கள் அதிகாரப்பூர்வ அறிக்கையில் சுயேச்சைகள் என்ற தலைப்பில் வருகின்றன. தி.மு.க.வுக்கு அப்போது தேர்தல் ஆணையத்தின் அங்கீகாரம் கிடைக்கவில்லை. ஆகவே சம்பத்தும் தர்மலிங்கமும் ஆவணங்களில் சுயேச்சைகளாகவே பதிவாகியுள்ளனர். பழைய முடிவுகளைப் படிக்கும் மாணவர்கள் இதனைக் கவனத்தில் கொள்ள வேண்டும். கட்சிக்கு அங்கீகாரமும் உதயசூரியன் சின்னமும் 1958இல் கிடைத்தன.

அதே தேர்தலில் தி.மு.க. 205 சட்டமன்ற இடங்களில் 15ஐ வென்றது. திருவண்ணாமலை சட்டமன்றத் தொகுதியில் அக்கட்சியின் ப. உ. சண்முகம் வெற்றி பெற்றார். ஆகவே மக்களவை, சட்டமன்றம் ஆகிய இரண்டுக்கும் ஒரே நேரத்தில் தி.மு.க.வினரை அனுப்பிய ஊராகத் திருவண்ணாமலை அமைந்தது.

குறிப்பிடத்தக்க உறுப்பினர்கள்

திருவண்ணாமலை: இரா. தர்மலிங்கம் (தி.மு.க., பதிவில் சுயேச்சை)
நாமக்கல்: ஈ. வெ. கி. சம்பத் (தி.மு.க., பதிவில் சுயேச்சை). பெரியாரின் அண்ணன் மகன்.
சென்னை தெற்கு: டி. டி. கிருஷ்ணமாச்சாரி (காங்கிரசு). நிதியமைச்சர், ஆயுள் காப்பீட்டுக் கழகம் முந்த்ரா நிறுவனங்களின் பங்குகளை வாங்கிய விவகாரத்தால் 1958 பிப்ரவரியில் பதவி விலகினார்.
சென்னை வடக்கு: எஸ். சி. சி. அந்தோணிப் பிள்ளை (சுயேச்சை). தொழிற்சங்கத் தலைவர்.
திருச்செங்கோடு: ப. சுப்பராயன் (காங்கிரசு). சென்னை மாகாணத்தின் முன்னாள் முதலமைச்சர். 1959 முதல் நடுவண் போக்குவரத்து, தகவல் தொடர்பு அமைச்சர்.
கிருஷ்ணகிரி: சி. ஆர். நரசிம்மன் (காங்கிரசு). இராசாசியின் மகன்.
கோயம்புத்தூர்: பார்வதி கிருஷ்ணன் (இந்தியக் கம்யூனிசுட்டுக் கட்சி)
மதுரை: கே. டி. கே. தங்கமணி (இந்தியக் கம்யூனிசுட்டுக் கட்சி)
சிதம்பரம்: எல். இளையபெருமாள் (காங்கிரசு). பின்னாளில் தீண்டாமை குறித்து ஆராய்ந்த நடுவண் குழுவின் தலைவர்.
திருவில்லிபுத்தூர்: உ. முத்துராமலிங்கத் தேவர் (பார்வர்டு பிளாக்)
தஞ்சாவூர்: ஆர். வெங்கட்ராமன் (காங்கிரசு). மாநில அமைச்சரவையில் சேர்வதற்காக இப்பதவியிலிருந்து விலகினார். பின்னாளில் குடியரசுத் தலைவர்.

அவைக்குள் ஓர் உறுப்பினரின் இடம்

ஓர் உறுப்பினருக்கு அவையில் மூன்று முக்கிய வழிகள் உண்டு. முதலாவது கேள்வி நேரம். அமைச்சர்களிடம் நேரடியாக விடை கேட்கலாம். இரண்டாவது சட்ட முன்வரைவுகள், வரவு செலவுத் திட்டம் ஆகியவற்றின் மீதான விவாதம். மூன்றாவது வெள்ளிக்கிழமைகளில் கடைசி இரண்டரை மணி நேரம். அமைச்சர் அல்லாத உறுப்பினர்கள் தனி நபர் தீர்மானங்களையும் முன்வரைவுகளையும் கொண்டு வருவதற்காக இந்நேரம் ஒதுக்கப்பட்டது. விவாத நேரம் பெரும்பாலும் கட்சிகளின் பலத்தை ஒட்டிப் பிரிக்கப்படுவதால், இரண்டு பேர் கொண்ட அணிக்குக் கிடைப்பது சில நிமிடங்களே.

மொழியும் ஒரு தடையாக இருந்தது. அரசமைப்பின் 120ஆம் பிரிவின்படி நாடாளுமன்ற அலுவல்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ நடைபெற வேண்டும். இவ்விரண்டிலும் போதிய அளவு பேச இயலாதவர் அவைத்தலைவரின் அனுமதி பெற்றே தாய்மொழியில் பேசலாம். உடனுக்குடன் மொழிபெயர்க்கும் வசதி அக்காலத்தில் அவையில் இல்லை. தமிழில் பேசினாலும் பிற உறுப்பினர்களுக்கு அது புரியாது. எனவே தமிழ்நாட்டு உறுப்பினர்களுக்கு ஆங்கிலமே அவையில் குரல் கொடுக்கும் வழியாக இருந்தது. ஆட்சிமொழி விவாதம் அவர்களுக்கு ஏன் அன்றாடச் சிக்கலாகவும் இருந்தது என்பது இதிலிருந்து விளங்கும்.

ஆட்சிமொழி விவாதம்

அரசமைப்பின் 343ஆம் பிரிவு இந்தியை ஒன்றியத்தின் ஆட்சிமொழியாக்கியது. ஆங்கிலம் 15 ஆண்டுகள், அதாவது 1965 சனவரி 26 வரை, தொடரலாம் என்றும் கூறியது. அந்தக் கெடு நெருங்கியதால் இரண்டாவது மக்களவையின் காலம் முழுவதும் இச்சிக்கல் எழுந்தபடி இருந்தது.

1955இல் பி. ஜி. கேர் தலைமையில் ஆட்சிமொழி ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் உறுப்பினரான ப. சுப்பராயன் மாற்றுக் கருத்துக் குறிப்பு எழுதினார்; வங்காள மொழியறிஞர் சுனீதிகுமார் சட்டர்சியும் அவ்வாறே எழுதினார். ஆணையத்தின் பரிந்துரைகளை ஆராய 1957இல் கோவிந்த வல்லப பந்த் தலைமையில் 30 பேர் கொண்ட நாடாளுமன்றக் குழு அமைந்தது. இவர்களில் 20 பேர் மக்களவையையும் 10 பேர் மாநிலங்களவையையும் சேர்ந்தவர்கள். இக்குழு 1959இல் அறிக்கை அளித்தது.

ஆங்கிலத்தையும் எட்டாவது அட்டவணையில் சேர்க்க வேண்டும் என்று ஆங்கிலோ இந்தியர்களின் நியமன உறுப்பினரான பிராங்க் அந்தோணி ஒரு தனி நபர் தீர்மானம் கொண்டுவந்தார். அதன் மீது 1959 ஆகசுட்டு 7, வெள்ளிக்கிழமையன்று பேசிய பிரதமர் நேரு இரண்டு உறுதிகளை அளித்தார். எவர் மீதும் இந்தி திணிக்கப்படாது என்பது ஒன்று. மக்கள் விரும்பும் வரை ஆங்கிலம் மாற்று மொழியாகத் தொடரும், அதை முடிவு செய்யும் உரிமை இந்தி பேசாத மக்களுக்கே உரியது என்பது மற்றொன்று.

1960 ஏப்ரலில் மொழிக் குழுவின் அறிக்கையை ஒட்டிக் குடியரசுத் தலைவரின் ஆணை வெளிவந்தது. நேருவின் உறுதிக்கு இது முரணானது என்று தி.மு.க. கருதியது. ஆகசுட்டில் சென்னை வரவிருந்த குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத்துக்குக் கறுப்புக்கொடி காட்டப்போவதாக அறிவித்தது. சம்பத் பிரதமருக்கு எழுதினார். தமது முந்தைய உறுதி நீடிக்கிறது என்று 1960 ஆகசுட்டு 3 அன்று நேரு அவருக்கு மடல் அனுப்பினார். கறுப்புக்கொடிப் போராட்டம் கைவிடப்பட்டது.

வாக்கெடுப்பில் வெல்ல முடியாத அணி, பிரதமரிடமிருந்து எழுத்தில் ஒரு மறுமொழி பெற்றது இதன் சிறப்பு. ஆனால் அதன் வரம்பும் தெளிவானது. அவையில் சொல்லப்பட்ட உறுதியும் மடலில் எழுதப்பட்ட உறுதியும் சட்டம் ஆகா. 1963இல், அடுத்த மக்களவையில் நிறைவேறிய ஆட்சிமொழிகள் சட்டம் ஆங்கிலம் தொடர "வேண்டும்" என்று சொல்லாமல், தொடர "லாம்" என்ற பொருளிலேயே அமைந்தது. 1965 மாணவர் போராட்டத்தில் பல உயிர்கள் பறிபோயின. அதன் பின்னர், 1967 டிசம்பரில் செய்யப்பட்ட திருத்தமே நேருவின் உறுதிக்குச் சட்ட வடிவம் தந்தது.

பிற நடவடிக்கைகள்

இந்த அவையின் காலத்தில் நிறைவேறிய ஆந்திர – சென்னை எல்லை மாற்றச் சட்டம் (1959) தமிழகத்தை நேரடியாகப் பாதித்தது. 1960 ஏப்ரல் 1 அன்று அது நடைமுறைக்கு வந்தபோது திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. வரதட்சணைத் தடைச் சட்டம் தொடர்பாக இரு அவைகளும் உடன்படாததால், 1961 மே மாதம் நாடாளுமன்றத்தின் முதல் கூட்டு அமர்வு நடைபெற்றது. வருமான வரிச் சட்டமும் 1961இல் நிறைவேறியது.

பதவிக்காலத்தின் இறுதி ஆண்டு

1961 ஏப்ரலில் சம்பத் தி.மு.க.விலிருந்து விலகித் தமிழ்த் தேசியக் கட்சியைத் தொடங்கினார். அதனால் கடைசி ஓராண்டில் மக்களவையில் தி.மு.க.வின் உறுப்பினராக எஞ்சியவர் திருவண்ணாமலையின் தர்மலிங்கம் ஒருவரே. 1962 தேர்தலில் அவர் அதே தொகுதியில் மீண்டும் வென்றார். அம்முறை நாஞ்சில் கி. மனோகரன், இரா. செழியன், க. இராசாராம் உள்ளிட்டோருடன் தி.மு.க.வின் பலம் ஏழாக உயர்ந்தது. 1967இல் அது 25 ஆனது.

தொகுதியின் பிற்கால வரலாறு

1961 கணக்கெடுப்பின்படி தொகுதிகள் சீரமைக்கப்பட்டபோது மக்கள்தொகை அடிப்படையில் சென்னை மாநிலத்தின் இடங்கள் 41இலிருந்து 39 ஆகக் குறைந்தன. 1967 தேர்தலில் திருவண்ணாமலை என்ற பெயரில் மக்களவைத் தொகுதி இல்லை. அவ்வூர் திருப்பத்தூர் தொகுதியின் கீழ் வந்தது. 2008 சீரமைப்பில் மாநிலத்தின் மொத்த இடங்கள் மாறாமல் எல்லைகள் மட்டும் மாற்றப்பட்டன. அப்போது திருவண்ணாமலைத் தொகுதி மீண்டும் உருவானது. சோலையார்பேட்டை, திருப்பத்தூர், செங்கம், திருவண்ணாமலை, கீழ்பென்னாத்தூர், கலசப்பாக்கம் ஆகிய சட்டமன்றத் தொகுதிகள் இதில் அடங்கும். 2009இல் த. வேணுகோபால் (தி.மு.க.), 2014இல் ஆர். வனரோஜா (அ.தி.மு.க.), 2019, 2024 ஆகிய இரு தேர்தல்களிலும் சி. என். அண்ணாதுரை (தி.மு.க.) வென்றனர்.

மாநிலங்களுக்கான இடங்களின் எண்ணிக்கை 1976இல் 42ஆவது அரசமைப்புத் திருத்தத்தால் நிறுத்திவைக்கப்பட்டது. 84ஆவது திருத்தம் (2001) அதனை 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. மக்கள்தொகைப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் அதன் காரணமாகவே இடங்களை இழக்கக் கூடாது என்பது இப்போதைய தொகுதிச் சீரமைப்பு விவாதத்தின் மையக் கருத்து. அந்த இழப்பு எப்படி இருக்கும் என்பதை 41 இடங்கள் 39 ஆன 1967இலேயே தமிழ்நாடு அறிந்திருக்கிறது. அவையில் இருக்கும் எண்ணிக்கை எவ்வளவு தேவை என்பதற்கு 1957–1962 காலத்து இரண்டு உறுப்பினர்களின் அனுபவம் ஒரு சான்று: அவர்களால் ஓர் உறுதியைக் கேட்டுப் பெற முடிந்தது, அதைச் சட்டமாக்கத் தேவையான பலம் அவர்களிடம் இல்லை.