சொன்னால் கேட்கும் வானொலி

1963-இல் திருநெல்வேலி வானொலி நிலையம் தொடங்கிய பின், நம் புதூர் வட்டாரக் கரிசல் கிராமங்களில் குமிழைத் திருகிச் செய்தி கேட்ட தலைமுறை இன்றும் நம்மிடையே இருக்கிறது. இப்போதோ முகம் பார்க்கும் கண்ணாடியே வானொலியாகி, வாய்ச்சொல்லுக்குக் கட்டுப்படுகிறது.

2014-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த மைக்கேல் டேயு என்பவர், கண்ணாடிக்குப் பின்னால் கணினித் திரையையும், உள்ளங்கையில் அடங்கும் 'ராஸ்பெரி பை' கணினியையும் பொருத்தி இதனை அமைத்தார். அதன் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. வானொலியைத் துணைநிரலாக அதில் சேர்த்துக்கொள்ளலாம். பார்வை மங்கிய முதியோருக்கு இஃது ஓர் அருந்துணையே!

அது ஒலிக்காவிடில் என்ன செய்வது? முதலில் கையால் இயக்கிப் பாருங்கள். அப்போதும் மௌனமெனில் ஒலிபெருக்கியையும் இணைய இணைப்பையும் சோதியுங்கள். நிலையங்கள் தம் இணைய முகவரியை மாற்றிவிடுவதும் உண்டு. அம்முகவரியைக் கைப்பேசியில் திறந்தால் உண்மை விளங்கும்.

கையால் இயக்கும்போது ஒலித்து, வாய்ச்சொல்லுக்கு மட்டும் இணங்காவிடில் குறை ஒலிவாங்கியில் இருக்கலாம். ராஸ்பெரி பை கணினியில் ஒலிவாங்கி கிடையாது. தனியே இணைக்க வேண்டும். அதன் துளையைக் கரிசல் புழுதி அடைத்திருக்கக்கூடும். வானொலி உரக்க ஒலிக்கையில், அவ்வொலியிலேயே 'நிறுத்து' என்னும் நம் சொல் அமிழ்ந்துவிடும். எனவே ஒலிவாங்கியை ஒலிபெருக்கிக்கு எட்டத்தில் வையுங்கள். அழைப்புச் சொல்லை உணர்வதற்குப் பலர் நம்பியிருந்த 'ஸ்னோபாய்' சேவை 2020 இறுதியில் மூடப்பட்டது. பழைய குறிப்புகளைப் பார்த்து அமைப்போர் இதனைக் கவனத்தில் கொள்க. திடீர் மின்வெட்டு நினைவக அட்டையைப் பழுதாக்கலாம். ஆதலால் முறையாக அணைத்த பின்னரே மின்சாரத்தைத் துண்டியுங்கள்.

பழுது நீங்கினால் போதுமா? சொன்னதைக் கேட்கும் கருவி, சொல்லாததையும் கேட்கக்கூடும் அன்றோ! சில அமைப்புகளில், அழைப்புச் சொல்லுக்குப் பின் நாம் பேசுவது தொலைதூரக் கணினிகளுக்குச் செல்கிறது. வேறொரு சொல்லை அழைப்பென்று பிழையாகக் கருதி அது விழித்துக்கொண்டால், குடும்பத்தின் அந்தரங்கமும் வாசல் தாண்டும். அனுமதியின்றிப் பிறர் இல்லத்தில் நுழைவதையும் ஒட்டுக் கேட்பதையும் விலக்கிய மார்க்கம் நம்முடையது. ஆகவே வீட்டுக் கணினிக்குள்ளேயே குரலை உணரும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். படுக்கையறையில் அதனை வைக்காதீர்கள். தேவையற்ற வேளையில் ஒலிவாங்கியின் இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

பாங்கொலி கேட்டதும் 'நிறுத்து' என்று சொல்ல நம் பிள்ளைகளைப் பழக்குவோம். அல்லாஹ் நம் இல்லங்களின் கண்ணியத்தைக் காத்தருள்வானாக! ஆமீன்.