உங்களுக்குத் தெரியுமா? வழவழப்புக் காகிதத்தில் மறைந்த கைரேகை

1948-இல் அவசரகாலப் பிரகடனத்தை அடுத்து, மலாயாவில் 12 வயதைக் கடந்தோர் யாவரும் அடையாள அட்டைக்காகப் பெருவிரலை மையில் தோய்த்துப் பதித்த கதையைப் பினாங்கு மாநிலத்துப் பாகான் டாலாம் குடும்பங்களில் பலரும் கேட்டிருப்பர். மையின்றி, வியர்வை மாத்திரமே விட்டுச்செல்லும் ரேகையைப் புலப்படுத்துவதோ வேறொரு வித்தை. சாதாரணக் காகிதம் வியர்வையை உறிஞ்சிக்கொள்வதால், 1954-இல் ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானிகள் காட்டியபடி நின்ஹைட்ரின் என்னும் ரசாயனத்தைப் பூசினால், அது வியர்வையிலுள்ள அமினோ அமிலங்களோடு கூடி ஊதாக் கோடுகளாக வெளிப்படும். மேற்பூச்சுள்ள சஞ்சிகை அட்டையிலோ வியர்வையின் ஒரு பகுதி மேலேயே தங்கிவிடுகிறபடியால், மூடிய பெட்டிக்குள் ஈரப்பதத்தை ஏறத்தாழ 80 சதவீதத்தில் நிறுத்தி (பினாங்கின் புழுக்கம் இதற்கு ஓர் உபகாரம்தான்!), சூப்பர் குளூ பசையைச் சூடாக்கி, அதன் ஆவி படிந்து ரேகை வெண்மையாக இறுகிய பின்னரே நின்ஹைட்ரினை நாடுவர். விசித்திரம் யாதெனில், கடைகளில் கிழித்துத் தரும், வெப்பத்தால் அச்சாகும் ரசீதின்மேல் வழக்கமான நின்ஹைட்ரின் கரைசல் பட்டால், அதிலுள்ள எரிசாராயம் மேற்பூச்சைக் கரைத்துத் தாள் முழுவதையும் கறுப்பாக்கிவிடும். ஆகவே அங்கே, நின்ஹைட்ரின் ஊறி உலர்ந்த தாள்களுக்கிடையே ரசீதை அழுத்திவைத்துப் பொறுமையுடன் காத்திருப்பதும் உண்டு.