இணையச் சேவைகளின் ஒத்தியக்கமும் அதனைச் சோதிப்பதில் உள்ள இடர்களும்

முன்னர்த் தபால் பையும் பட்டுவாடாப் பதிவேடும் செய்த வேலையை இன்று ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களில் கணினிகள் செய்துவருகின்றன. நமது கணினியில் பதியும் வேலை விவரம் மேலலுவலகக் கணினிக்கும், அங்கிருந்து வங்கிக் கணினிக்கும் செய்தியாகச் செல்லுகிறது. இவ்வாறு ஒரு கணினி கேட்க மற்றொன்று விடையளிக்கும் ஏற்பாட்டினை இணையச் சேவை என்பர். இக்கணினிகளின் மென்பொருள்களை அமைத்தவர்கள் வெவ்வேறு நிறுவனத்தார், ஒருவரையொருவர் கண்டறியாதவர். ஆதலின் செய்தி எவ்வடிவில் இருத்தல் வேண்டும் என்பதை வகுத்துரைக்கும் விதிநூல் அவசியமாயிற்று. 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிவந்த ‘சோப் 1.1’ அத்தகையதொரு விதிநூலாகும்.

விதிநூல் இருந்தால் போதாதோ என்று அன்பர்கள் கேட்கக்கூடும். போதாது. விதிநூலில் ‘செய்தல் வேண்டும்’ என்பனவும் உண்டு. ‘செய்யலாம்’ என்பனவும் உண்டு. செய்தவரும் செய்யாதவரும் விதிப்படி நடந்தவரே ஆவர். மூன்றிடங்களில் ‘செய்யலாம்’ என்றிருப்பின் எட்டு வகை மென்பொருள்கள் தோன்ற இடமுண்டு. பத்து மென்பொருள்களுள் ஒவ்வொன்றும் ஏனையவற்றைக் கேட்டு விடைபெறுகின்றதா என்று பார்க்கவோ தொண்ணூறு சோதனைகள் வேண்டும்.

எவ்வளவு சிறிய விஷயத்தில் தடை நேரும் என்பதற்கு ஓர் உதாரணம். சோப் செய்தியுடன், உறைமேல் எழுதும் குறிப்பைப் போல, ‘சோப் ஆக்‌ஷன்’ என்னும் தலைப்பு ஒன்று செல்லும். அதனை மேற்கோள் குறிகளுக்குள் இடாமல் அனுப்பப் பொது விதி இடங்கொடுத்தது. ஆனால் குறியில்லாத உறையைச் சில மென்பொருள்கள் ஏற்க மறுத்தன.

2002-ஆம் ஆண்டில் ஐ.பி.எம்., மைக்ரோசாப்ட் முதலிய நிறுவனங்கள் கூடி ‘டபிள்யூ.எஸ்.-ஐ’ என்னும் அமைப்பினை நிறுவின. 2003-இல் அது வெளியிட்ட ‘பேசிக் புரொபைல் 1.0’, பழைய விதிகளில் பல வழியாய்க் கிடந்தவற்றை ஒருவழிப்படுத்திற்று. மேற்கோள் குறியையும் கட்டாயமாக்கிற்று. சோதனைக்கென இரு கருவிகளையும் அவ்வமைப்பு அளித்தது. ஒன்று இரு கணினிகளுக்கும் இடையில் நின்று, போய்வரும் செய்திகளைப் படியெடுக்கும். மற்றொன்று அப்படிகளை விதிகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிடும். பயனுள்ள கருவிகளே. எனினும் அவை கடிதத்தைக் காணுமேயன்றி, படித்தவர் கொண்ட பொருளைக் காணமாட்டா.

இதனை நான் அனுபவத்தில் அறிந்தேன். நான் பணியாற்றிய ஓர் ஒன்றியத்தில் ஏப்ரல் முதல் நாளில் தொடங்கிய சில வேலைகள், மறுபுறக் கணினியில் மார்ச் 31 எனப் பதிவாயின. கணக்கு முடிக்கப்பெற்ற ஆண்டில் அவை விழுந்தமையால் கூலி நின்றுவிட்டது. நாள்தோறும் அலுவலக வாயிலில் வந்து நின்ற தாய்மார்களுக்கு நான் என்ன விடை சொல்வது? இரு தரப்பாரும் தத்தம் மென்பொருள் விதிப்படி அமைந்ததெனச் சான்று காட்டினர். அவர்கள் கூற்று பொய்யன்று!

நடந்தது இதுதான். நாளை மட்டும் பதிந்தால் நமது மென்பொருள் நள்ளிரவு 0 மணி என்று தானே சேர்த்துக்கொண்டது. பிறகு அதனைக் கிரீன்விச் நேரத்துக்கு மாற்றி அனுப்பிற்று. நமது நேரம் ஐந்தரை மணி முந்தியதாதலால், ஏப்ரல் 1 நள்ளிரவு அங்கு மார்ச் 31 மாலை 6.30 ஆகும். பெற்ற கணினி கிரீன்விச் கணக்கிலேயே நாளைக் குறித்துக்கொண்டது. எந்நாட்டு நேரப்படி நாள் எண்ணுவது என்பதை இரு தரப்புக்கும் இடையிலான ஒப்பந்தம் கூறவில்லை.

அனுப்பியதையே திருப்பிக் கேட்டுச் சரிபார்க்கும் ‘எதிரொலி’ச் சோதனை 2001-ஆம் ஆண்டு முதலே வழக்கில் இருந்தது. அதனையும் செய்து பார்த்தோம். திரும்பி வந்த மார்ச் 31 மாலை 6.30-ஐ நமது மென்பொருள் மீண்டும் ஏப்ரல் 1 ஆக்கிக் காட்டிற்று; சோதனை தேறியது! போகும்போது நேர்ந்த மாறுதல் வரும்போது மறைந்துவிட்டது.

இறுதியில் எழுத்தர் ஒருவரை இங்கும் மற்றொருவரை மேலலுவலகத்திலும் அமர்த்தி, திரையில் தோன்றும் நாளைத் தொலைபேசியில் வாசிக்கச் செய்தபோதுதான் பிழை அகப்பட்டது. மணி சேராத, நாளை மட்டும் குறிக்கும் வகையில் செய்தி அனுப்ப ஏற்பாடாயிற்று. முன்னரே தவறாகப் பதிந்தவற்றைக் கையால் திருத்தியே கூலியை விடுவித்தோம். மார்ச் 31, ஏப்ரல் 1 ஆகிய இரு நாட்களுக்கும் மாதிரிப் பதிவுகள் அனுப்பி, இரு முனையிலும் வாசித்துப் பார்ப்பதை ஆண்டுதோறும் அவ்வொன்றியத்தில் வழக்கமாக்கினோம்.