லினக்ஸுக்கு மாறுகிறீர்களா? முதலில் கோப்புகளைக் காப்பாற்றுங்கள்

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத, ஆனால் நன்றாக ஓடுகிற கணினிகள் வீடுகளிலும் சிறு கடைகளிலும் ஏராளம். "கிராக் போட்டுத் தர்றேன்" என்று சர்வீஸ் கடையில் சொன்னால் சம்மதிக்காதீர்கள். திருட்டு நகல் என்று தெரிந்தே பயன்படுத்துவது இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில் குற்றம். தொழிலுக்குப் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள் சிறையும் 50,000 ரூபாய் அபராதமும் உண்டு. கடவுச்சொல் திருடும் வைரஸ்கள் பரவும் வழிகளில் இதுவும் ஒன்று.

அதற்குப் பதிலாக, லினக்ஸ் வகைகளான மின்ட்டோ உபுண்டுவோ போட்டுக்கொள்ள யாருடைய அனுமதியும் வேண்டாம். எத்தனை கணினியிலும் நிறுவலாம், நண்பருக்கும் நகலெடுத்துக் கொடுக்கலாம். கடைக்காரர் தன் வேலைக்குக் கூலி கேட்பது நியாயம். "லைசென்ஸ் பணம்" என்று கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஆபத்து இருப்பது நிறுவும் அந்த அரை மணி நேரத்தில். வட்டு முழுவதையும் அழித்துவிட்டு நிறுவவா, விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவவா என்று திரை கேட்கும். அவசரத்தில் அழிக்கும் தேர்வைத் தட்டியவர்கள் பிள்ளைகளின் படங்களையும் கடைக் கணக்கையும் ஒருசேர இழந்திருக்கிறார்கள். ஆகவே முந்தின நாளே எல்லாவற்றையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுங்கள்; அந்த நகல் வேறொரு கணினியில் திறக்கிறதா என்றும் பாருங்கள். விண்டோஸின் பிட்லாக்கர் வட்டுப் பூட்டு பல மடிக்கணினிகளில் உரிமையாளருக்கே தெரியாமல் இயங்குகிறது. அதன் 48 இலக்க மீட்புச் சாவி பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். காகிதத்தில் எழுதி வையுங்கள். அது இல்லாவிட்டால் உங்கள் கோப்பு உங்களுக்கே திறக்காது.

லினக்ஸை நிறுவத் தேவையான ஐஎஸ்ஓ கோப்பை அதிகாரபூர்வத் தளத்திலேயே இறக்குங்கள். அதுவும் போதாது: 2016 பிப்ரவரி 20 அன்று மின்ட் தளத்தையே ஊடுருவி, பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவுக்கு இணைப்பை மாற்றிவிட்டார்கள். இறக்கிய கோப்பின் எஸ்ஹெச்ஏ256 சரிபார்ப்பு எண்ணைத் தளத்தில் தந்திருக்கும் எண்ணோடு ஒப்பிட்டு, அந்த எண்ணின் கையொப்பத்தையும் சரிபார்த்தால் இத்தகைய மோசடி பிடிபடும்.

அந்தக் கோப்பைப் பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலே சில நாள் ஓட்டிப் பாருங்கள். வைஃபை, பிரிண்டர், ஒலி, தமிழ்99 தட்டச்சு எல்லாம் வேலை செய்கின்றனவா? பாமினியில் அடித்த பழைய கோப்புகள் இருந்தால் அந்த எழுத்துருவையும் எடுத்துவையுங்கள். டேலி கணக்கு மென்பொருளிலும் டிஜிட்டல் கையொப்பத்திலும் பிழைப்பு நடத்துகிறவர்கள் அந்த வேலைக்கான ஒரு கணினியையாவது விண்டோஸிலேயே விட்டுவைப்பது நல்லது. அதை விண்டோஸ் 11க்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

மாறிய பிறகு, இணையத்தில் யாரோ எழுதிய, நிர்வாகி உரிமையோடு இயங்கும் 'சூடோ' கட்டளையைப் புரியாமல் ஒட்டாதீர்கள். மின்ட்டில் டைம்ஷிஃப்டை முதல் நாளே இயக்குங்கள். கணினி கெட்டால் முந்தைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் அது உங்கள் சொந்தக் கோப்புகளைக் காப்பதற்கானதல்ல.

தவறி வட்டை அழித்துவிட்டால் உடனே அணைத்துவிடுங்கள். அதில் மேற்கொண்டு எதையும் எழுத விடாதீர்கள். வேறு கணினியில் இணைத்து, டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள்களால் தேடலாம். பழைய ஹார்டு டிஸ்க்கில் ஓரளவு கிடைக்கும். எஸ்எஸ்டியில் பெரும்பாலும் கிடைக்காது.