முற்றவெளியின் படத்தை யார் கீறுவது?

கொழும்பு காலிமுகத்திடலின் கடலோர நடைபாதையில் ஒரு பழைய கல் நிற்கிறது. 1859 இல் ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் அந்த உலாவிடத்தைக் கட்டி முடித்ததைச் சொல்லும் கல். கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இதைப் பேணுங்கள் என்று தனக்குப் பின் வரும் ஆளுநர்களை அதில் கேட்டிருக்கிறார். நல்ல மனதோடு எழுதிய வாசகம்தான். ஆனால் அந்த வேண்டுகோள் போனது அடுத்த ஆளுநருக்கு. அந்தப் பெண்களிடம் கேட்க வேண்டும் என்ற நினைப்பு அதில் இல்லை. இலங்கையின் பழைய நகர வெளிகள் பலவற்றின் கதையும் இதுதான். மக்களுக்கான இடம் என்பார்கள். எங்கே மரம் நிற்பது, எங்கே கம்பி வேலி வருவது, எங்கே கச்சான் விற்கலாம் என்பதெல்லாம் கந்தோர் மேசையில் முடிவாகிவிடும்.

இந்த வெளிகள் பிறந்ததே பீரங்கிக்காக. கொழும்புக் கோட்டைக்குத் தெற்கிலிருந்து வரும் எதிரி ஒளிந்துகொள்ள மறைவு இருக்கக்கூடாது என்று ஒல்லாந்தர் அந்த நிலத்தை வெறுமையாக வைத்தார்கள். யாழ்ப்பாணக் கோட்டையின் முற்றவெளியும், திருகோணமலையில் பிரெட்ரிக் கோட்டை வாசலுக்கு வெளியே விரியும் முற்றவெளியும் இதே இனத்தைச் சேர்ந்தவை. பீரங்கி ஓய்ந்த பிறகு குதிரைப் பந்தயம், கிரிக்கெட், பட்டம், இறால் வடை வண்டி, அரசியல் கூட்டம் என்று சனம் வந்து அவற்றை நிரப்பியது. யாரும் கீறிக் கொடுத்த படத்தைப் பார்த்து வந்தவர்கள் அல்ல.

கூட்டம் என்றதும் தமிழர்களுக்கு 1956 ஜூன் 5 நினைவுக்கு வரும். தனிச் சிங்களச் சட்டமூலம் நாடாளுமன்றத்துக்கு வந்த அன்று, செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். கும்பல் தாக்கியது. அமிர்தலிங்கம் தலையில் கட்டுடன் சபைக்குள் போனார். யாழ்ப்பாணத்தில் 1974 ஜனவரி 10 அன்று உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் நிறைவுக் கூட்டத்தில் உயிர் இழந்தவர்களின் நினைவுத் தூண்கள் முற்றவெளி ஓரத்தில், வீரசிங்கம் மண்டபத்துக்குப் பக்கத்தில் நிற்கின்றன. இப்படிப்பட்ட இடத்தை ‘அழகுபடுத்துதல்’ என்பது புல் பதிப்பதும் விளக்கு நடுவதும் மட்டும் ஆகாது. எந்த நினைவு அங்கே தொடர்ந்து நிற்கும், எது ஓரம் கட்டப்படும் என்ற கேள்வியும் அந்த வேலைக்குள்ளேயே இருக்கிறது.

காலிமுகத்திடலை மக்களே திருத்தி அமைத்த ஒரு காலம் உண்டு. 2022 ஏப்ரல் 9 அன்று ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவைப் பதவி விலகச் சொல்லி அங்கே கூடியவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. கூடாரங்கள் எழுந்தன, கோட்டாகோகம என்று பெயரும் வந்தது. பிறகு நடந்ததை நகரத் திட்டமிடல் படிக்கும் மாணவர் யாரும் தவறவிடக்கூடாது. முதலில் தண்ணீர், மலசலகூடம், சமையல். அடுத்து முதலுதவிக் கூடாரம், சட்ட உதவிக் கூடாரம், நூலகம், மக்கள் பல்கலைக்கழகம். படம் காட்டும் கூடாரத்துக்குக் கண்ணீர்ப்புகை சினிமா என்று பெயர் வைத்தார்கள். சைகை மொழி பேசுகிறவர்களும் தங்களுக்கென்று ஓர் இடம் அமைத்துக்கொண்டார்கள். நிழல் இல்லாத அந்தத் திடலில் என்னென்ன குறை என்பதை அங்கே பகலும் இரவும் இருந்தவர்கள் சில வாரங்களிலேயே கண்டுபிடித்து, கையில் கிடைத்த தகரத்தாலும் தறப்பாளாலும் தீர்த்தும் காட்டினார்கள்.

மே 18 அன்று அதே திடலில் முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடந்தது; கஞ்சி பரிமாறினார்கள். அரசாங்க வரைபடம் எதிலும் அதற்கு ஒரு மூலை ஒதுக்கப்பட்டிருக்காது.

மே 9 இல் கூடாரங்கள் தாக்கப்பட்டன. ஜூலை 22 விடியும் முன் இராணுவம் வந்தது. ஓகஸ்டில் திடல் காலியானது. அந்த நூலகத்திலிருந்தோ முதலுதவிக் கூடாரத்திலிருந்தோ அதிகாரிகள் எடுத்துக்கொள்ள நிறைய இருந்தது. நிழல் வேண்டும், குடிநீர் வேண்டும், உட்கார இடம் வேண்டும் என்று சொல்லும் முழுமையான கருத்துக்கணிப்பு அது. அரசாங்கம் ஒரு சதமும் செலவழிக்காமல் கிடைத்தது. ஆனால் கண்ணில் பட்டது மிதிபட்ட புல் மட்டும்தான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதை மறைப்பது நியாயம் அல்ல. 2010 இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் போனது. அதன் பிறகு கொழும்பின் விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றியிருந்த வேலி அகன்றது, நடைபாதைகள் வந்தன, குடும்பங்கள் மாலையில் வரத் தொடங்கின. பலருக்கு அது பிடித்திருந்தது. கட்டளையால் செய்த வேலை வேகமாக முடியும், துப்புரவாகவும் இருக்கும். ஆனால் அதே அதிகாரம், அதே வேகத்தில், கொழும்பில் தோட்டங்கள் எனப்படும் நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளில் இருந்தவர்களையும் கிளப்பியது. வேலி போனது நல்லது. அதை எடுக்கச் சொன்னவர் நாளை திரும்பப் போடச் சொன்னால் தடுக்க அந்தப் பூங்காவில் நடப்பவர்களிடம் எதுவும் இல்லை என்பதுதான் கவலை.

சனத்துக்கு என்ன வேண்டும் என்பதை நியூயோர்க்கில் வேறு வழியாகப் பிடித்தார்கள். அந்நகரின் பொது நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் பிரையன்ட் பூங்காவை 1934 இல் அழகாகத் திருத்தினார்கள்: தெருவை விட உயர்ந்த தளம், இரும்பு வேலி, அடர்ந்த செடிவேலி. 1970களில் அங்கே போதைப்பொருள் விற்கிறவர்கள்தான் மிஞ்சினார்கள். வில்லியம் வைட் என்ற ஆய்வாளர் நகரச் சதுக்கங்களில் கமெராவை வைத்து, சனம் எங்கே உட்காருகிறது, எங்கே நின்று கதைக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் பார்த்தவர். 1980 இல் அதைப் புத்தகமாக்கினார். பூங்காவில் பெண்கள் குறைவாக இருந்தால் அங்கே ஏதோ பிழை இருக்கிறது என்பது அவர் கண்டவற்றில் ஒன்று. பிரையன்ட் பூங்காவுக்கு அவர் சொன்ன மருந்து எளிமையானது. தெருவிலிருந்து உள்ளே தெரியட்டும், வாசல்கள் கூடட்டும், இழுத்துப் போட்டு உட்காரக் கதிரைகள் இருக்கட்டும். 1988 இல் மூடிய பூங்கா 1992 இல் திறந்தபோது கதிரைகள் நிலத்தில் பூட்டப்படாமல் சும்மா கிடந்தன. சனம் அவற்றை நிழலுக்கு நகர்த்தியது, நண்பர்களைச் சுற்றி வட்டமாகப் போட்டது.

கூட்டம் வைத்துக் கருத்துக் கேட்பதை விட இது பல இடங்களில் நேர்மையான வழி. கூட்டத்தில் பேசுகிறவர்கள் பேசப் பழகியவர்கள். வாங்கில் மூன்று மணி நேரம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் தாய் அங்கே வரமாட்டார். அவரைப் போய்ப் பார்க்க வேண்டும்.

பெங்களூரின் கப்பன் பூங்காவில் அக்கறை நீண்ட காவலாக மாறியிருக்கிறது. 1870 இல் ரிச்சர்ட் சாங்கி என்ற பொறியாளர் அமைத்த பூங்கா அது. 1998 இல் அதன் ஒரு பகுதியைப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து நீக்க அரசு முனைந்தபோது ஊரார் தெருவுக்கும் நீதிமன்றத்துக்கும் போனார்கள். பூங்காவில் நடப்பவர்கள் சங்கம் வைத்துக்கொண்டு, உள்ளே ஓடும் வாகனங்களை விடுமுறை நாட்களில் நிறுத்தச் செய்தார்கள். எல்லா வழக்கிலும் அவர்கள் வெல்லவில்லை. ஆனால் அவர்களுக்குத் தெரியாமல் அங்கே ஒரு மரத்தை வெட்டுவது இன்று கடினம்.

நம் பக்கத்தில், யாழ்ப்பாண மாநகர சபை 2021 டிசம்பரில் ஆரியகுளத்தைத் துப்புரவாக்கி, சுற்றி நடக்கவும் உட்காரவும் வசதி செய்து திறந்தது. பணம் தியாகி அறக்கட்டளையுடையது. குப்பை மிதந்த குளம் மாலை நேர இடமானது நல்ல விஷயம். அந்த வேலை நடந்தபோதே குளம் யாருடைய அடையாளத்தைச் சொல்ல வேண்டும் என்ற தர்க்கமும் எழுந்தது. இத்தகைய தர்க்கம் வேலை தொடங்கும் முன், எல்லோரும் இருக்கும் சபையில் நடந்தால் பயன் தரும். கல் பதித்த பிறகு நடந்தால் மனக்கசப்புத்தான் மிஞ்சும்.

திருகோணமலைக்கு இது பட்டறிவு. 2005 மே மாதம் நகரின் மத்திய பஸ் நிலையத்துக்கு அருகே ஓர் இரவில் புத்தர் சிலை ஒன்று வைக்கப்பட்டது. கடைகள் பூட்டப்பட்டன, ஊர் நாட்கணக்கில் முடங்கியது. பொது இடத்தில் ஒரு பொருளை யாரையும் கேட்காமல் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்நகருக்கு வேறு பாடம் தேவையில்லை. முற்றவெளியையும் டச்சுக் குடாக் கரையையும் கோட்டைக்குள் மான்கள் மேயும் மரநிழலையும் தொடும் எந்தத் திட்டமும் இதை மறந்து தொடங்கக்கூடாது. காளி கோயிலுக்கு வருகிறவர், கோணேசர் மலைக்கு ஏறுகிறவர், கரைவலை இழுக்கிறவர், பந்து அடிக்கிற பையன், சுற்றுலாப் பயணி எல்லோரும் சில நூறு மீற்றருக்குள் பழகும் இடம் அது. நகருக்கான பெருந்திட்டத்தை வரையும் வேலை சில ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூரின் சுர்பானா ஜுரோங் நிறுவனத்திடம் போனது. வெளியூர் நிபுணரிடம் தொழில் அறிவு உண்டு. மாலை ஐந்து மணிக்கு முற்றவெளியின் எந்தப் பக்கத்தில் காற்று வரும் என்பது உள்ளூராருக்குத்தான் தெரியும். இரண்டும் ஒரே மேசைக்கு வர வேண்டும்.

உள்ளூரார் என்றால் யார்? இங்கேதான் வழக்கமாகக் கணக்குப் பிழைக்கிறது. நகர எல்லைக்குள் வரி கட்டுகிறவர்களோடு பட்டியல் முடிந்துவிடும். கொட்டியாரக் குடாவின் தென்கரையில், மூதூரை அடுத்திருக்கும் கட்டைபறிச்சானை எடுத்துக்கொள்ளுங்கள். நிர்வாகப்படி அது மூதூர்ப் பிரதேசம். ஆனால் பெரிய ஆஸ்பத்திரி, கச்சேரி, வழக்கு எல்லாம் திருகோணமலையில். கிண்ணியாவில் பாதைப் படகு ஏறிக் கடந்த காலம் 2009 இல் பாலம் திறந்ததோடு முடிந்தது. ஆனாலும் குடாவைச் சுற்றித்தான் போய்வர வேண்டும். ஆஸ்பத்திரி வேலை பத்து மணிக்கு முடிந்து, கந்தோர் வேலை இரண்டு மணிக்கு என்றால் இடைப்பட்ட நேரம் எங்கே கழியும்? நிழல், குடிநீர், துப்புரவான மலசலகூடம், பெண்பிள்ளை பயமில்லாமல் உட்கார ஒரு வாங்கு: இவை நகரவாசிக்கு வசதி, வெளியூரிலிருந்து வருகிறவருக்கு அத்தியாவசியம். நகரவாசிக்கு வீடு பக்கத்தில் இருக்கிறது.

அந்தப் பக்கத்து மக்களுக்கு வரைபடத்தின் பலம் வேறு விதமாகவும் தெரியும். சம்பூர் 2007 இல் வர்த்தமானி அறிவித்தலால் உயர் பாதுகாப்பு வலயமானது. சொந்தக் காணிக்குப் போக முடியாத சம்பூர்க் குடும்பங்கள் கட்டைபறிச்சான் முகாமில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன. 818 ஏக்கர் நிலத்தை முதலீட்டு வலயமாக்கிய அறிவித்தல் 2015 இல்தான் இரத்தானது. தாங்கள் இல்லாத அறையில் கீறப்பட்ட கோடு ஒரு குடும்பத்தின் பத்து வருடத்தை எப்படித் தின்னும் என்பதை இவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அவர்களைப் பூங்கா பற்றிய கூட்டத்துக்கு அழைப்பதை உபசாரமாக நினைக்கக்கூடாது.

சட்டத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது. நகர அபிவிருத்தி அதிகார சபை தன் அபிவிருத்தித் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துப் பெறலாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, வரைபடத்தையும் செலவு மதிப்பீட்டையும் எந்தப் பிரஜையும் எழுதிக் கேட்கலாம். தருவதா இல்லையா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் சொல்லியாக வேண்டும். குறை நடைமுறையில்தான். அறிவித்தல் வர்த்தமானியிலும் நகரக் கந்தோர் பலகையிலும் இருந்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அது மூன்று மொழிகளில், வரைபடத்தோடு, மூதூர், கிண்ணியா, வெருகல் பிரதேச செயலகங்களிலும் தொங்க வேண்டும். சனசமூக நிலையத்திலும் பள்ளிவாசலிலும் கோயிலிலும் வாசித்துக் காட்ட வேண்டும். பஸ் நிலையத்தில் ஒரு மேசை போட்டு, மடித்த படத்தை விரித்து, வருகிறவரிடம் பென்சிலைக் கொடுக்க வேண்டும். கேட்டவற்றில் எதை ஏற்றோம், எதை ஏற்கவில்லை, ஏன் என்பதை அதே இடங்களில் திரும்ப ஒட்ட வேண்டும். கேட்பதோடு நின்றுவிட்டு இந்தக் கடைசிப் படியைத் தவறவிட்டால், அடுத்த முறை யாரும் வரமாட்டார்கள்.

பெரிய செலவுக்கு முன் ஒரு சிறு பரீட்சையும் பார்க்கலாம். முற்றவெளி ஓரத்தில் ஒரு மாதத்துக்கு நகர்த்தக்கூடிய வாங்குகள் இருபது, தற்காலிகப் பந்தல் ஒன்று, தண்ணீர்த் தாங்கி ஒன்று. காலையிலும் மதியத்திலும் அந்தியிலும் யார் வருகிறார்கள், பெண்கள் எத்தனை பேர், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள், வாங்கை எந்தப் பக்கம் இழுக்கிறார்கள் என்று உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் நாலு பேர் எழுதி வைத்தால் போதும். கொங்கிறீட் கலக்க வேண்டிய இடம் எது என்பது அந்தக் கொப்பியில் இருக்கும்.